கொஸ்தாந்திஸ் வீட்டுத் தண்ணீர்

திரியெஸ்தே நகரத்திலிருந்து எங்கள் பெட்ரோவூனி ஊர்க் கோயிலுக்கு வரவேண்டிய புது மணி வராது என்று செவ்வாய்க்கிழமை மாலையில் தெரிந்துவிட்டது. கப்பல் எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டு எங்கோ நிற்கிறதாம். செய்தியைக் கொண்டுவந்தவன் பக்கத்து ஊரான கலாமியாவைச் சேர்ந்த கோவேறு கழுதைக்காரன். சொன்னவன் சும்மா போயிருக்கலாம். சேணக்கட்டையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனான்.

"டொக், டொக், டொக்! கேட்டுக்கோங்க மக்களே, பெட்ரோவூனிக்கு விடுதலை வந்துடுச்சு! டொக், டொக்!"

காப்பிக்கடை வாசலில் நின்ற பனாகிஸ் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவன் முதுகில் எறிந்தார். "போடா! உங்க ஊரு மணி அடிச்சா ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது!"

எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் அவன் சொன்னது சுட்டது. வியாழக்கிழமை, புனித கொன்ஸ்தந்தீன், புனித ஹெலேனா திருநாளன்று நண்பகலில், ஆர்கோஸ்தோலித் துறைமுகத்தில் ஆங்கிலேயரின் கொடி இறங்கப்போகிறது. கிரேக்கத்தின் நீலமும் வெள்ளையுமான கொடி ஏறப்போகிறது. எங்கள் கெஃபலோனியா தீவும் மற்ற ஆறு தீவுகளும் அன்றுமுதல் கிரேக்கத்தோடு ஒன்று. ஐம்பது வருஷமாகக் கேட்டது இது. கேட்டதற்காகச் சிறைக்குப் போனவர்களோ, திரும்பி வராதவர்களோ இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. அந்த நேரத்தில் தீவு முழுவதும் மணிகள் ஒலிக்கும். எங்கள் கோயிலில் மட்டும், என் கணவர் பாதிரியார் ஸீஸிமோஸ், மணிக்குப் பதிலாகப் பதினைந்து வருஷமாகத் தட்டிவரும் அதே மரப்பலகையைத் தட்டுவார்.

எங்களிடமும் ஒரு மணி இருந்தது. நாற்பத்தொன்பதாம் வருஷக் கலகத்தில், எங்கள் பக்கத்து மலையூர்களிலெல்லாம் முதலில் ஒலித்ததே அந்த மணிதான். அதை அடித்தவர் மரீனோஸ். திராட்சைத் தோட்டங்களில் இருந்த ஆண்களெல்லாம் அந்தச் சத்தம் கேட்டுத்தான் கொடி நறுக்கும் கத்தரியும் கையுமாக ஓடிவந்தார்கள். கலகம் அடங்கியதும் படைவீரர்கள் மணியைப் பறிமுதல் செய்ய வந்தார்கள். வந்து பார்த்தால் மணிமேடை காலி. மரீனோஸைச் சதுக்கத்தில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார்கள். "மணி எங்கே?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. தெற்கே ஒரு பாறைத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார்.

கப்பல் ஏறும் முன்பு, துறையில் வைத்து, மனைவி ஓர்சொலாவிடம் அவர் சொன்னது ஒன்றுதான். இரண்டு பக்கமும் காவலர்கள் நின்றார்கள். அதனால் அதிகம் பேச முடியவில்லை. "கிரேக்கத்தோட சேர்ற நாள்ல நம்ம மணியை அடிக்கச் சொல்லு. நான் எங்க இருந்தாலும் எனக்குக் கேக்கும்."

ஓர்சொலா அதை எங்கள் தீவின் காவலரான புனித ஜெராசிமோஸின் கல்லறைமேல் கைவைத்து நேர்ச்சையாகவே ஆக்கிக்கொண்டாள். நெய்த கம்பளிகளை விற்றுப் புது மணிக்குக் கொடுத்தவர்களில் முதல் ஆள் அவள்தான். பழைய மணி போனது போனதுதான், புதியதாவது ஒலிக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் இல்லை.

பழைய மணி எங்கே போனது என்பதில் ஊருக்குச் சந்தேகமே கிடையாது. ஒளித்த இடத்தைக் கொஸ்தாந்திஸ் ஆங்கிலேயரிடம் காட்டிக்கொடுத்துவிட்டார். மரீனோஸின் உயிர் நண்பர் அவர். மரீனோஸுக்கும் ஓர்சொலாவுக்கும் திருமணம் நடந்தபோது, இருவர் தலையிலும் பூமுடியை மாற்றி வைத்த கும்பாரோஸ் அவர்தான். எங்கள் வழக்கத்தில் கும்பாரோஸ் என்றால் உடன்பிறந்தவர் மாதிரி. மரீனோஸ் கப்பலேறிய மறுமாதமே அந்த மனிதர் ஆங்கிலேயரின் போலீஸ் சட்டையை மாட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தார். வேறு சாட்சி எதற்கு?

அன்றிலிருந்து அவர் வீட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை. எங்கள் ஊர் பாறைமேல் உட்கார்ந்த ஊர், ஊற்றுக்கிணறு கிடையாது. கூரையில் விழும் மழையை முற்றத்துப் பாறையில் குடைந்த தொட்டியில் சேர்த்துவைத்து, அதைத்தான் வருஷம் முழுவதும் குடிக்கிறோம். கோடையில் ஒருவர் தொட்டி வற்றினால் அடுத்த வீட்டில் போய் வாளியை இறக்குவோம். கேட்டுக்கொண்டு இறக்குவதுகூட இல்லை. அப்படிப்பட்ட ஊரில், நாக்கு வறண்ட வருஷங்களிலும் கொஸ்தாந்திஸ் வீட்டுத் தொட்டியில் ஒரு கைகூட வாளி இறக்கவில்லை. அவர் மனைவி இறந்தபோது என் கணவரும் பிணம் தூக்க நாலு பேரும் போனார்கள். அவ்வளவுதான்.

அவரைப் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு. இருமல். கிரேக்கத்தோடு சேரவேண்டும் என்று பாடுபட்ட எங்கள் ஆட்களுக்கு வேர்பிடுங்கிகள் என்று பெயர். அந்நிய ஆட்சியை வேரோடு பிடுங்குகிறவர்கள் என்று பொருள். அவர்கள் பனாகிஸின் காப்பிக்கடையில் கூடி, தடைசெய்யப்பட்ட பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார்கள். அப்போது தெருமுனையிலிருந்து ஒரு இருமல் கேட்கும். கழுதை கத்துகிற மாதிரி, மூன்று வீடு தள்ளிக் கேட்கும் இருமல். உடனே பத்திரிகை காப்பிக்கொட்டை மூட்டைக்குள் போய்விடும். கொஸ்தாந்திஸ் உள்ளே வந்து பார்ப்பார். எல்லோரும் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள்.

"இவனைப் போய் போலீஸா வச்சிருக்கானே இங்கிலீஷ்காரன்!" என்று பனாகிஸ் தொடையைத் தட்டிச் சிரிப்பார். "பூனைக்கு மணி கட்டின மாதிரி, இவனுக்கு இருமலைக் கட்டி விட்டிருக்கான்!"

புதன்கிழமை மாலைப் பிரார்த்தனை முடிந்ததும் எங்கள் வீட்டில் கூட்டம். பனாகிஸ்தான் பேசினார். எங்கள் ஊர் வேர்பிடுங்கிகளுக்கு அவர்தான் தலைவர். நாற்பத்தொன்பதில் மீசை அரும்பும் வயதில் மணிச்சத்தம் கேட்டு ஓடிவந்து, ஆறு மாதம் சிறையிலிருந்தவர்.

"மணிதான் இல்ல. போகட்டும். பானை இருக்கு, சட்டி இருக்கு, தாம்பாளம் இருக்கு. நாளைக்குக் காலையிலயே எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நேரா அந்தப் பாதாளக்காரன் வீட்டுக்குப் போறோம். நண்பகல் வரைக்கும் வாசல்ல நின்னு தட்டுறோம். வைக்கோல் பொம்மைக்குப் போலீஸ் தொப்பி மாட்டிக் கொளுத்துறோம். இங்கிலீஷ்காரனை அவன் போட்ட ரோட்டுலயே வழியனுப்புறப்போ, அவன் நாயையும் வழியனுப்ப வேண்டாமா?"

ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்களைப் பாதாளத்தார் என்று சொல்வது எங்கள் தீவின் வழக்கம்.

"நாளைக்கு அவருக்குப் பேர்த் திருநாள்" என்றார் என் கணவர்.

"இருக்கட்டுமே சாமி. வாழ்த்துச் சொல்லத்தானே போறோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் கூட்டத்தை எதிர்த்துக் கத்துகிற மனிதர் அல்ல. "கர்த்தர் வருத்தப்படுவார், பனாகிஸ்" என்று மட்டும் சொன்னார். அப்போது வாசலில் எங்கள் நாய் குரைத்தது. போய்ப் பார்த்தேன். யாருமில்லை.

எல்லோரும் கலைந்தபின் ஓர்சொலா மட்டும் இருந்தாள். மறுநாளைக்கு மாவு பிசைய எனக்குக் கைகொடுத்தாள். பிறகு திடீரென்று கேட்டாள்.

"சாமியம்மா, இந்த ஒரு மாசமா அந்த ஆளு இருமிக் கேட்டீங்களா?"

"யாரு?"

"கொஸ்தாந்திஸ்."

யோசித்துப் பார்த்தேன். ஈஸ்டருக்குப் பிறகு போலீஸ் வேலை முடிந்து அவர் சட்டையைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கோயிலில் பின்தூணுக்கருகே நிற்கிறார். தூபப் புகைக்கு நான்கூட இருமுகிறேன். அவர் இருமவில்லை.

"நல்லாயிடுச்சு போல" என்றேன்.

"சட்டையைக் கழட்டினா இருமல் நல்லாகுமா, சாமியம்மா?"

கையிலிருந்த மாவை அப்படியே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். இருவரும் ஒரே விஷயத்தை நினைத்தோம், இருவருக்குமே அதைச் சொல்லத் துணிவில்லை. பத்திரிகை ஒருமுறைகூடப் பிடிபடவில்லை. எங்கள் ஊரில் மட்டும் ஒருமுறைகூட.

"நாளைக்குப் பேர்த் திருநாள் வீடெல்லாம் போவீங்கல்ல?" என்றாள். "நானும் வர்றேன். எல்லா வீட்டுக்கும்."

பேர்த் திருநாள் என்றால், அந்தப் புனிதரின் பெயர் வைத்தவர் வீட்டுக் கதவு திறந்திருக்கும். யாரையும் அழைப்பதில்லை, யாரையும் தடுப்பதும் இல்லை. போகிறவருக்கு ஒரு கரண்டி பழப்பாகும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுப்பார்கள். நீடூழி வாழ்க என்று சொல்லிவிட்டு வருவோம். வியாழக்கிழமை பூசை முடிந்ததும் நானும் ஓர்சொலாவும் கிளம்பினோம். ஹெலேனா பெயர்கொண்ட லெனியோக்களையும் கொன்ஸ்தந்தீன் பெயர்கொண்ட கொஸ்தாந்திஸ்களையும் பார்த்துப் பார்த்துப் பாகு தின்று எனக்குப் பல் கூசியது. வீட்டுக்கு வீடு கொடி தொங்கியது. நீலத்துணி கிடைக்காதவர்கள் பழைய பாவாடையைக் கிழித்துச் சாயம் போட்டிருந்தார்கள். யாரைப் பார்த்தாலும் கட்டிக்கொண்டார்கள். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று ஈஸ்டர் வாழ்த்தே சொன்னார்கள், அதைவிடப் பெரிய வார்த்தை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கடைசியில் அந்தச் சந்துக்கு வந்தோம். ஓர்சொலா நின்றாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்திருந்தது. முற்றத்தில் மேசை. அதன்மேல் துவைத்துத் தேய்த்த வெள்ளைத் துணி. ஒரு தட்டில் சின்னத் தம்ளர்கள் வரிசையாக, கவிழ்த்துவைக்கப்பட்டு. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் செர்ரிப் பாகு. பக்கத்தில் நாற்காலியில் கொஸ்தாந்திஸ், கோட்டுப் போட்டு, தலையை நீர்தொட்டு வாரி, கைகளை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தவர், எழுந்தபடியே நின்றார்.

"நீடூழி வாழ்க, கொஸ்தாந்திஸ்" என்றேன் நான்.

"வாழ்க" என்றாள் ஓர்சொலா. பெயர் சொல்லவில்லை.

"உக்காருங்க" என்றார் அவர். "உக்காருங்க, சாமியம்மா. உக்காரு... உக்காருங்க." பாகைக் கரண்டியில் எடுத்தார். பாதி துணிமேல் சிந்தியது. "வருஷா வருஷம் வைக்கிறதுதான். சாயங்காலம் நானே தின்னுடுவேன். இந்தத் தடவை சர்க்கரை கொஞ்சம் கூடிப்போச்சு."

வருஷா வருஷம்! அந்தத் தம்ளர்களைப் பார்த்தேன். ஒன்றிலாவது வேறொருவர் உதடு பட்டிருக்குமா?

"இருங்க, குளிர்ந்த தண்ணி எடுக்கிறேன்" என்று தொட்டிப் பக்கம் திரும்பினார். குனியும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

ஓர்சொலா எழுந்தாள். "விடுங்க. நான் எடுக்கிறேன்."

"இல்லம்மா, வேண்டாம், நானே..."

"விருந்துக்கு வந்த வீட்டுல தண்ணி எடுக்கிறது புதுசா?" வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பார்த்து" என்றார் அவர். "ஓரமா விடு. நடுவுல விடாத."

சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். ஓர்சொலா அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தொட்டியின் வாய் குறுகல், உள்ளே இருட்டு. அந்த வருஷம் மழை குறைவு, தண்ணீர் அடியில் கிடந்தது. இரும்புப் பட்டை போட்ட அந்த மரவாளியை அவள் நடுவிலேயே விட்டாள்.

ங்ஙண் என்றது.

கல்லில் பட்ட சத்தம் அல்ல. ஆழத்திலிருந்து எழுந்து, தொட்டிச் சுவரெல்லாம் சுற்றி, எங்கள் கால்வழியே ஏறிவந்த சத்தம். ஓர்சொலா குனிந்து உள்ளே பார்த்தாள். கயிற்றை இன்னொருமுறை இழுத்து விட்டாள். மறுபடியும் ங்ஙண். திருமணத்தன்று கேட்ட சத்தம். கணவர் அடித்து அவள் கேட்ட சத்தம். ஒரு பெண்ணுக்கு அது மறக்குமா?

அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"பட்டாளத்து ஆளுங்க வர்றதுக்கு முன்னால, நானும் மரீனோஸும் வண்டியில வைக்கோலுக்குள்ள மறைச்சுக் கொண்டுவந்து இறக்கினோம்" என்றார் கொஸ்தாந்திஸ். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வீடு வீடா தொட்டியெல்லாம் சோதனை போடுறாங்கன்னு தெரிஞ்சுது. போலீஸ்காரன் வீட்டை எவன் சோதனை போடுவான்? சட்டையை மாட்டிக்கிட்டேன். அதுக்காக மட்டும்னு சொன்னா பொய். அவன் முதுகைப் பார்த்தேன், ஓர்சொலா. பயந்துட்டேன். பாதி பயம், பாதி மணி. எது எவ்வளவுன்னு எனக்கே தெரியாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் ஓர்சொலா.

"உன்னைக் கூப்பிட்டு விசாரிச்சாங்களே. உனக்குத் தெரியாததுனாலதான் விட்டாங்க."

"அது அப்போ. அப்புறம்?"

"அப்புறம்... சொல்றதுக்கு ஒரு ஆள் வீட்டுக்குள்ள வரணுமில்ல." அவர் கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். "நானாத் தூக்கிட்டு வந்தா, மன்னிப்பை விலைக்கு வாங்க வந்துட்டான்னு சொல்லுவாங்க. நேத்து மனசு கேக்காம உங்க வாசல் வரைக்கும் வந்தேன், சாமியம்மா. உள்ள பனாகிஸ் குரல் கேட்டுச்சு. திரும்பிட்டேன்."

ஓர்சொலா எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். பதினைந்து வருஷமாக அவள் வாயில் வராத சொல் அப்போது வந்தது.

"கும்பாரே" என்றாள். "நீடூழி வாழ்க, கும்பாரே." குனிந்து அவர் கையை முத்தமிட்டாள்.

சந்தின் முனையில் பானைச் சத்தம் கேட்டது.

ஊரே திரண்டு வந்துகொண்டிருந்தது. முன்னால் பனாகிஸ், திருநாள் உடை முழுக்க உடுத்தி, இடுப்பில் சிவப்புக் கச்சை. கழிமேல் வைக்கோல் பொம்மை, அதன் தலையில் தொப்பி. பின்னால் என் கணவர், கூட்டத்தை முந்தமுடியாமல், அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஓர்சொலா வாசற்படியில் போய் நின்றாள். அவளை அங்கே பார்த்ததும் பானைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"ஓர்சொலா? நீ இந்த வீட்டுல என்ன பண்ற?"

"பேர்த் திருநாளுக்கு வந்தேன். நீயும் அதுக்குத்தானே வந்த? உள்ள வா."

"நான் எதுக்கு வந்தேன்னு கையில இருக்கிறதைப் பார்த்தாத் தெரியலையா?"

"தெரியுது. வைக்கோல் கொண்டாந்திருக்க. நல்லதாப் போச்சு, வைக்கோல் வேணும். புது மணிக்கு வாங்கின வடக்கயிறு எங்க?"

"கோயில்ல கிடக்கு. எதுக்கு?" என்றார் பனாகிஸ். பின்னாலிருந்து ஒருவன், "தொங்க விடவா?" என்று கத்தினான்.

"ஆமா, தொங்கத்தான் விடப்போறோம்" என்றாள் ஓர்சொலா. "மேல, மணிமேடையில."

பனாகிஸின் கச்சையைப் பிடித்து, ஆட்டுக்குட்டியை இழுக்கிற மாதிரி அவரை முற்றத்துக்குள் இழுத்துப்போனாள். வாளியைக் கையில் கொடுத்தாள். "நடுவுல விடு."

அவர் ஒன்றும் புரியாமல் விட்டார்.

ங்ஙண்.

பனாகிஸ் அசையவில்லை. பதினெட்டு வயதில் எந்தச் சத்தத்துக்காகக் கத்தரியும் கையுமாக ஓடிவந்தாரோ, அந்தச் சத்தம். தன் தலையிலிருந்து தொப்பியை மெல்ல எடுத்தார். வாய் கோணியது. பெரிய மீசைக்காரர், குழந்தை மாதிரி அழுதார். பிறகு கொஸ்தாந்திஸைப் பார்த்தார். அவர் மனதுக்குள் என்னென்ன ஓடியதோ, ஒன்று மட்டும் வெளியே வந்தது.

"அந்த இருமல்..."

"தொண்டை ரொம்பப் புண்ணாயிடும்" என்றார் கொஸ்தாந்திஸ். "உங்க கடையில ஒரு காப்பி குடுப்பீங்களான்னு பார்ப்பேன். குடுக்கவே மாட்டீங்க."

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! பானைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். கயிறு வந்தது, எண்ணெய்ச் செக்கிலிருந்து கப்பி வந்தது. பாதாளக்கரண்டியை இறக்கித் துழாவினார்கள், சிக்கவில்லை. யாராவது உள்ளே இறங்கி முடிச்சுப் போடவேண்டும். கொஸ்தாந்திஸ் கோட்டைக் கழற்றினார்.

"பெரியவரே, நீங்க தள்ளிக்கோங்க" என்று பனாகிஸ் திருநாள் உடையோடு இறங்கிவிட்டார். கீழேயிருந்து அவர் குரல் பூதம் பேசுவது மாதிரி வந்தது. "அவரைப் பாதாளக்காரன்னு சொன்ன வாய்க்கு நல்லா வேணும்! இப்ப யாரு பாதாளத்துல நிக்கிறா பாருங்க! தண்ணி என்ன இவ்வளவு ருசியா இருக்கு?"

"பதினஞ்சு வருஷமா வெண்கலம் ஊறின தண்ணி!" என்று மேலிருந்து கொஸ்தாந்திஸ் கத்தினார். "அதான் நான் இன்னும் சாகல!"

ஊர் சிரித்தது. கொஸ்தாந்திஸ் சொன்ன ஒரு வேடிக்கைக்கு எங்கள் ஊர் சிரித்தது.

மணி மேலே வந்தது. பச்சைப் பாசி படர்ந்து, நாலா பக்கமும் தண்ணீர் சொட்டச் சொட்ட, வெயிலுக்குள் வந்தது. அதன் நாக்கில் ஒரு துணி சுற்றிக் கட்டியிருந்தது, வண்டியில் வரும்போது சத்தம் போடாதிருக்க. ஓர்சொலா அருகில் போய்ப் பார்த்தாள். அவள் தறியில் நெய்து மரீனோஸுக்குக் கட்டிவிட்ட இடுப்புக்கச்சை. அவிழ்த்தபோது நூல் நூலாகக் கையோடு வந்தது. ஒரு சிறு துண்டு மட்டும் முழுசாக இருந்தது. அதை மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டாள்.

பனாகிஸ் வைக்கோல் பொம்மையை எடுத்து வயிற்றைக் கிழித்தார். அந்த வைக்கோலை வண்டியில் பரப்பி, அதன்மேல் மணியைக் குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தினார்கள். முன்பு அது எப்படி வந்ததோ, அப்படியே திரும்பிப் போயிற்று. இந்தமுறை மறைக்க ஒன்றுமில்லை. பெண்கள் பூவை எறிந்தார்கள். என் கணவர் முன்னால் நடந்து, கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று பாடினார். ஈஸ்டர் முதல் நாற்பது நாள் பாடவேண்டிய பாட்டு, காலம் இன்னும் இருந்தது. மரப்பலகையை ஒருவன் எடுத்துக்கொண்டு வந்து வழியெல்லாம் தட்டினான்.

புது மணிக்காக உத்தரமெல்லாம் தயாராக இருந்ததால் ஏற்றுவதற்கு நேரமாகவில்லை. கடைசி ஆணியை முடுக்கிக்கொண்டிருந்தபோது கடல் பக்கமிருந்து பீரங்கி முழங்கியது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. கொடி இறங்கிவிட்டது. கொடி ஏறிவிட்டது! பள்ளத்தாக்கில் கலாமியா மணி ஆரம்பித்தது. அதற்கப்பால் இன்னொரு ஊர். இன்னொரு ஊர். மலையே மணியாகிவிட்டது.

எங்கள் ஊர் ஓர்சொலாவைப் பார்த்தது. அவள் கயிற்றைக் கையில் எடுத்தாள். பிறகு கூட்டத்தின் பின்னால், சுவரோரமாக நின்றவரைத் தேடினாள்.

"கும்பாரே! என்னால தனியா முடியாது. கனமா இருக்கு."

கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் வந்தார். ஓர்சொலாவின் கைக்கு மேலே அவர் கை. இருவரும் இழுத்தார்கள்.

முதல் அடி கரகரத்தது, நெடுநாள் பேசாதவர் தொண்டையைச் சரிசெய்வது போல. இரண்டாவது அடியில் பாசியெல்லாம் எங்கள் தலைமேல் தெறித்தது. மூன்றாவது அடியில் அது எங்கள் மணியாயிற்று. அப்பா, என்ன ஒலி! சன்னல்கள் அதிர்ந்தன. வயிற்றுக்குள் போய் நின்றது. ஆண்கள் ஒருவரையொருவர் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கிழவர்கள் தரையை முத்தமிட்டார்கள். தெற்கே, கடலுக்கப்பால், ஒரு பாறைத் தீவின் மண்ணுக்குள் படுத்திருந்த மனிதருக்கும் அது கேட்டது என்று நான் நம்புகிறேன். ஓர்சொலாவின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

இடையில் கொஸ்தாந்திஸுக்கு இருமல் வந்துவிட்டது. உண்மையான இருமல், தெறித்த பாசியால்.

"எல்லாரும் பத்திரிகையை ஒளிங்கடா!" என்று பனாகிஸ் கத்தினார்.

அன்று மாலை எங்கள் ஊரில் வேறெந்தக் கொஸ்தாந்திஸ் வீட்டுக்கும் யாரும் போகவில்லை. ஊர் முழுவதும் அந்த ஒரு முற்றத்தில்தான் நின்றது. தம்ளர் போதவில்லை, அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். செர்ரிப் பாகு தீர்ந்ததும் பாகு வழித்த கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார்கள். பனாகிஸ் காப்பிக்கடையையே தூக்கிவந்து வைத்து, முதல் காப்பியை இரண்டு கையாலும் கொஸ்தாந்திஸுக்கு நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார்.

ஒரு தேசம் விடுதலை பெறுவது பெரிய காரியம். அதற்கு எத்தனையோ பேருடைய இரத்தம் வேண்டியிருந்தது. ஆனால் அன்று எங்கள் மணி ஒலித்ததற்கு, ஒரு விதவை ஒரு வாசற்படியைத் தாண்டியது போதுமாக இருந்தது. கர்த்தர் இரண்டையும் ஒரே தராசில் வைப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கோடையிலும் மழையில்லை. காலையில் பெண்கள் வாளியோடு அந்தச் சந்தில் வரிசையாக நிற்பார்கள். கொஸ்தாந்திஸ் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்வார்.

"நடுவுல விடும்மா. தாராளமா நடுவுல விடு."